சொல் விளக்கம்: அழற்சி

சித்தப்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் டாக்டர், "கசிவு நின்றுவிட்டது, ஆனால் சுற்றிலும் இன்ஃப்ளமேஷன் இருக்கிறது" என்றார். சித்தி காதில் அது 'இன்ஃபெக்ஷன்' என்று விழுந்துவிட்டது. "கிருமி எப்படிப்பா மூளைக்குள்ள போச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கிருமி தொற்றினால் அது தொற்று. இது அழற்சி. கிருமியே இல்லாமலும் வரும்.

அழல் என்றால் தீ. சுழல் சுழற்சி ஆனதுபோல, முயல் முயற்சி ஆனதுபோல, அழல் அழற்சி ஆயிற்று. இன்ஃப்ளமேஷனும் 'தீ மூட்டு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். பலர் இதை 'வீக்கம்' என்று எழுதுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் செல்சஸ் எழுதிவைத்த அடையாளங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கம் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

கசிந்த ரத்தம் மூளைக்குள் உறைந்து கட்டியாக நிற்கிறது. அதை அப்புறப்படுத்த மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் கிளம்புகின்றன, பின்னாலேயே வெள்ளையணுக்களும் வருகின்றன. நல்ல வேலைதான். ஆனால் அவை கக்கும் ரசாயனங்கள் பக்கத்திலிருக்கும் நரம்பு செல்களையும் சுட்டுவிடுகின்றன. நீர் கோத்து மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் ஏது?

அப்புறம் இன்னொன்று. சிவப்பணுக்கள் உடைய உடைய, ஹீமோகுளோபினில் இருந்த இரும்பு வெளியே வருகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்ஸ்) என்னும், அருகிலிருப்பதையெல்லாம் தாக்கும் வேதித் துகள்களை உண்டாக்கும். இது ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர் 1894-இல் விவரித்த வினை. அந்தத் தனி உறுப்புகள் செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் உடம்பின் சக்தி போதாமல் போகிற நிலையைத்தான் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' (ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்) என்கிறோம்.

இந்த 'அழுத்தம்' இங்கே வேண்டாம் என்பேன். சித்தப்பாவுக்குக் குழாய் வெடித்ததே ரத்த அழுத்தத்தால்தான். வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் இரண்டும் ஒன்றென்றுதான் நினைப்பார்கள். பொறியியலில் ஸ்ட்ரெஸ் என்பதற்குப் புழங்கும் 'தகைவு' சரியான சொல், ஆனால் சித்திக்குப் புரியாது. 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' என்றால் ஓரளவு பிடிபடும்.

அன்று அவரிடம், "உள்ள கசிஞ்ச ரத்தத்துல இரும்பு இருக்கு சித்தி, அது துரு மாதிரி அரிக்குது" என்றேன். தேவனாம்பட்டினத்தில் அவர் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்தது. வருடா வருடம் பெயிண்ட் அடித்தும் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். அங்கே அரிபடுவது இரும்பு, இங்கே அரிப்பது இரும்பு. அந்த வித்தியாசத்தை நான் விளக்கவில்லை.

"நம்ம ஜன்னல் கம்பி மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன்.