கணவர் இயக்கத்தில் இருந்தவர் என்பதற்காகச் சான்றிதழை மறுக்க முடியாது

2009 மே மாதம், இலங்கையின் இறுதி யுத்தம் முடிகிற நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த பெண்களும், அதற்கு முன்னமே களத்துக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியாத பெண்களும் இன்றைக்கும் ஏ.ஜி.ஏ. கந்தோரில் (பிரதேச செயலகத்தில்) நிற்கிறார்கள். ஒரு மேசையில் "மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ" என்கிறார்கள், அடுத்த மேசையில் "செத்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்கிறார்கள். செத்தார் என்று இந்தப் பெண்களில் யாருமே சொல்லவில்லை.

இவர்களுக்குத்தான், செத்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்று மட்டும் அரசாங்கம் பதிந்து தருகிற காணாமற்போனமைக்கான சான்றிதழ். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை 2016 இல் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்திக் கொண்டு வந்தார்கள். வடக்கு கிழக்கு யுத்தத்தோடு தொடர்பாகக் காணாமற்போனவர் என்றால் போதும். இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தவரின் குடும்பத்துக்குக் கிடையாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு உத்தியோகத்தர் சொன்னால், "எந்தப் பிரிவில் இருக்கு, எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். நான் கூடப் போன இடங்களில் ஒருவரும் எழுதித் தந்ததில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் மாவட்டப் பதிவாளர் அல்லது பதிவாளர் நாயகம். விதானையாருக்கோ (கிராம அலுவலர்) சமுர்த்தி (அரச நலத் திட்ட) உத்தியோகத்தருக்கோ இதைத் தீர்மானிக்கிற அதிகாரம் இல்லை, அவர்கள் ஒரு அறிக்கை தருகிறவர்கள் மட்டும்தான்.

அலைச்சல் தொடங்குவதே அந்த அறிக்கையில்தான். ஒரு அக்கா கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார், கணவர் யாழ்ப்பாணத்தவர். இங்கத்தைய விதானையார் "அவர் என்ர வாக்காளர் இடாப்பில இல்லை, அவரின்ர ஊருக்குப் போங்கோ" என்றார். அங்கே போனால் "நீங்கள் இஞ்ச இருக்கிற ஆள் இல்லையே" என்றார்கள். ஏழு மாதம் பஸ் ஏறினார், ஒவ்வொரு முறையும் கூலி வேலையை விட்டுவிட்டு. கடைசியில் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கொடுக்கிற கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் மேசைக்கு வந்த பிறகுதான் அறிக்கை கையெழுத்தானது.

அடுத்தது பெயர். இயக்கப் பெயரில் கலியாணம், இயக்கப் பெயரில் ஆஸ்பத்திரிக் கொப்பி, பிள்ளையின் முன்பள்ளிப் பதிவும் அதே பெயரில். விண்ணப்பத்தில் அவருடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும், மற்றப் பெயரை "என்றும் அழைக்கப்பட்டவர்" என்று பக்கத்தில் போடுங்கள். சத்தியக் கடதாசியிலும் (சத்தியம் செய்து கையெழுத்திடுகிற வாக்குமூலம்) இரண்டு பெயரும் வரட்டும். ஐ.சி.ஆர்.சி.யில் (சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம்) கொடுத்த பதிவில் ஒரு பெயரும் பொலிஸ் முறைப்பாட்டில் வேறு பெயரும் இருந்தால் இரண்டு வேறு ஆட்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினாறு வயதுக்கு முன்னமே இயக்கத்துக்குப் போனவர்களுக்கு அடையாள அட்டையே இருக்காது. இலக்கம் இல்லை என்று கட்டத்தை வெறுமையாக விடாமல், எடுக்கவில்லை என்று எழுதி, பிறப்புச் சான்றிதழை இணையுங்கள்.

வன்னியில் அந்த நேரம் நடந்த கலியாணங்கள் அரச பதிவாளரிடம் போகாதது பெரிய தலையிடி. "பதியாத கலியாணம், நீங்கள் மனைவி இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். இது பிழையான பேச்சு. வழக்கப்படி தாலி கட்டி, ஊரறியச் சேர்ந்து வாழ்ந்த கலியாணத்தை இலங்கைச் சட்டம் பதிவு இல்லாமலே ஏற்கிறது. பதிவு என்பது அதற்கு நல்ல சாட்சி, அவ்வளவுதான். ஆனால் கந்தோரில் சட்டம் பேசி வெல்ல முடியாது. கலியாணத்துக்கு வந்த இரண்டு பேரின் சத்தியக் கடதாசி, ஐயரோ பாதிரியாரோ இருந்தால் அவருடைய கடிதம், தகப்பன் பெயர் இருக்கிற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இவற்றை முன்னமே சேர்த்து வையுங்கள். சாட்சிகள் வயதாகிக்கொண்டு போகிறார்கள், வெளிநாட்டுக்கும் போகிறார்கள். அதனால் மற்ற எந்தக் கடதாசிக்கும் முன்னால் இதை எடுங்கள்.

படம் கேட்பார்கள். யுத்தம் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போகிற வழியில், பயத்தில், படங்களை எல்லாம் கிழித்து எறிந்தவர்கள் கனக்கப் பேர். ஒரு தங்கச்சி சொப்பிங் பைக்குள் இருந்து ஒரு துண்டு எடுத்துக் காட்டினார், இயக்கத்தின் வரிச் சீருடைப் படத்தில் கழுத்துக்குக் கீழே கத்தரிக்கோலால் வெட்டி, முகம் மட்டும், பெருவிரல் நகமளவு. அந்த முகத்தை ஸ்ரூடியோவில் பெருப்பித்துக் கொடுத்தோம். அதை எடுத்துக்கொண்டார்கள்.

மரணச் சான்றிதழ் விசயத்தில் அவசரப்படாதீர்கள். "இதை எடுத்தால் கெதியா முடியும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கோவையை மூட வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் சொத்து உரிமை மாறும், மறுமணம் செய்யலாம். அது வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தால் எடுங்கள், ஒருவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. காணாமற்போனமைக்கான சான்றிதழால் கலியாணம் முறியாது, ஆகவே அதை வைத்து மறுமணம் செய்ய முடியாது. ஆனால் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், தேடுதலும் வழக்கும் நிற்காது. மாமியார் உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டாரா? அதற்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கேட்க 2016 திருத்தத்தில் இடம் இருக்கிறது.

காணாமற்போனமைக்கான சான்றிதழ் 2 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு நீடிக்கக் கேட்க வேண்டும், ஒருவரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள். காலாவதியானதைக் கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். திகதியை வீட்டுக் கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

காசைப் பற்றி. 2019 வரவு செலவுத் திட்டத்தில் இந்தச் சான்றிதழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் 6000 ரூபா என்றார்கள். 2022 இல் அது ஒரே தடவை 1 இலட்சம் என்றாகி, அதே வருடம் 2 இலட்சம் ஆனது. காணாமற்போனோர் அலுவலகம் விசாரித்துப் பரிந்துரைத்தால்தான் இழப்பீட்டு அலுவலகம் கொடுக்கும். 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் போராடுகிற தாய்மாரும் மனைவிமாரும் இந்தக் காசு வேண்டாம் என்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சான்றிதழ் எடுப்பது வேறு, காசு வாங்குவது வேறு. காசு வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் பிள்ளைக்காகவும் காணிக்காகவும் சான்றிதழை எடுத்து வைக்கலாம். தரகர் யாராவது "2 இலட்சம் எடுத்துத் தாறன், பத்து வீதம் தாங்கோ" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காணி என்றேன். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்கிற தனிச் சட்டம். அதன்படி கலியாணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் வேண்டும், தாயார் எழுதிக் கொடுத்த காணியாக இருந்தாலும். கணவர் இல்லை, கையெழுத்து இல்லை, நொத்தாரிசு (உறுதி எழுதுகிறவர்) எழுத மாட்டார். கடன்காரன் வாசலில் நிற்க, சொந்தக் காணியைத் தொட முடியாமல் இருக்கிறார்கள். 1911 ஆம் ஆண்டுத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கணவர் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரலாம். அதற்குக் கட்டணம் கேட்கிற சட்டத்தரணியிடம் போக முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் கேட்டுப் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

கடைசியாக, யாரும் வெளியில் பேசாத விசயம். "பின்னேரம் தனிய வாங்கோ, செய்து தாறன்" என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னால் அது இலஞ்சம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. இயக்கக்காரன்ர மனைவி, கேட்க ஆள் இல்லை என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்கிறார்கள், அதனால் எந்தக் கந்தோருக்கும் தனியே போகாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு புலனாய்வு என்று சொல்லி வீட்டுக்கு ஆள் வந்தால் பெயரையும் வந்த நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். எழுத்தில் கடிதம் இல்லாமல் எந்த முகாமுக்கும் போக வேண்டியதில்லை. மனித உரிமை ஆணைக்குழுவின் இலக்கம் 1996. போன் எடுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.