பளிச்சென்று தெரியும் சரளையில் கால் வைக்காதீர்கள்

"அண்ணா, இந்த இடம் மட்டும் சுத்தமா இருக்கே, இங்கயே நின்னு தூண்டில் வீசலாமா?" என்று கேட்டுக்கொண்டே காலை எடுத்து வைக்கப் போனார், போன அக்டோபரில் டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி. தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அவர் கால் வைக்கப் போன இடத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான மீன் முட்டைகள் கிடந்தன.

நான் மிச்சிகனில் பியர் மார்க்கெட் ஆற்றில் படகு வலித்து, மீன்பிடிக்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி. பால்ட்வின் ஊரைத் தாண்டி லடிங்டனில் மிச்சிகன் ஏரியில் சேரும்வரை பிரதான ஆற்றில் ஓர் அணைகூட இல்லை. அதனால்தான் ஏரியிலிருந்து மீன் தடையில்லாமல் ஏறி வருகிறது. இங்கே பிடிக்கிற சினூக் சால்மன், ஸ்டீல்ஹெட், பிரவுன் டிரவுட் மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிரவுன் டிரவுட் 1884-இல் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்துவிட்ட குஞ்சு, ஸ்டீல்ஹெட்டின் பூர்வீகம் பசிபிக் கரை, சினூக்கை 1967-இல்தான் இந்த மாநிலத்து ஆறுகளில் விட்டார்கள். ஆனால் இன்று இந்த ஆற்றில் ஏறுகிற சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் பெரும்பாலும் இதே சரளையில் பிறந்தவை. சரளை கெட்டால் மீன் இல்லை, எனக்கும் வேலை இல்லை.

சரி, அந்தப் பளிச்சென்ற இடம் என்ன? ஆற்றின் அடியில் கிடக்கிற கூழாங்கல்லில் எல்லாம் பழுப்பாகப் பாசி படிந்திருக்கும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கும்போது அந்தக் கற்கள் புரண்டு, புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பாத்திரம்போல வெளுத்துவிடும். முட்டையிட்டதும் சற்று மேலே போய் மறுபடி பறிக்கும், அந்தக் கல் நீரோட்டத்தில் உருண்டு வந்து முட்டையை மூடும். ஆகவே மேலே ஒரு பள்ளம், அதற்குக் கீழே ஒரு மேடு. விவரம் தெரிந்தவர்கள்கூட இங்கேதான் தப்பு செய்கிறார்கள். பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கி, மேட்டில் ஏறி நிற்பார்கள். முட்டை இருப்பது அந்த மேட்டுக்குள்.

மான்டனாவில் டிரவுட் முட்டைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1992-இல் வெளியானது. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு தடவை மிதித்ததிலேயே 43 சதவீதம் வரை செத்தன. தினம் இரண்டு வேளை மிதித்தபோது இழப்பு 96 சதவீதம் வரை போனது. அக்டோபரில் சினூக் இட்ட முட்டை வசந்தத்தில்தான் குஞ்சாகி மேலே வரும், அதற்குள் மார்ச், ஏப்ரலில் ஸ்டீல்ஹெட் வந்து அதே சரளையில் முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் ஏழெட்டு மாதம் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

"சினூக் எப்படியும் முட்டையிட்டதும் சாகத்தானே போகுது, அந்தக் குழி மேல நிக்கறதைப் பிடிச்சா என்ன?" என்று கேட்பார்கள். சாகும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் சினைக் காலம் என்று விசைப்படகுகளை 61 நாள் கரையில் கட்டிப்போடுகிறோமே, அதே கணக்குத்தான் இங்கேயும். தவிர ஆற்றுக்குள் வந்த சால்மன் பசியெடுத்துத் தின்பதில்லை, கூட்டமாக நிற்கிற இடத்தில் தூண்டில் நரம்பை இழுத்தால் முள் முதுகிலோ வாலிலோதான் மாட்டும். வாயில் மாட்டாத மீனை உடனே விட வேண்டும் என்பது இங்கே சட்டம். நான் படகை ஆழமான மடுவுக்குக் கொண்டுபோய், ஓய்வெடுக்கிற மீனுக்குத்தான் வீசச் சொல்வேன்.

ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை, முட்டையிட்ட பிறகும் ஏரிக்குத் திரும்பி, மறுபடி வரக்கூடியது. அதற்குப் பெரிய ஆபத்து போட்டோ. ஜனவரியில் தூண்டில் கம்பியின் வளையங்களில் பனி கட்டிக்கொண்டு நரம்பு ஓடாமல் நிற்கும் குளிரில், நாலு மணி நேரம் காத்திருந்து பிடித்த மீனைத் தூக்கிக் காட்டத் தோன்றும், புரிகிறது. ஆனால் களைத்துப்போன ரெயின்போ டிரவுட்டை (ஸ்டீல்ஹெட்டும் அதே இனம்தான்) வைத்து ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதவற்றில் 88 சதவீதம் பிழைத்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28. அந்த ஒரு நிமிடத்தில் நாம் செய்வதென்ன, கையுறையைக் கழற்றி, போனைத் தேடி, "இன்னொண்ணு எடுங்க" என்பதுதானே.

என் படகில் மீன் ரப்பர் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கும். போனை முதலில் தயார் செய்து கொள்வோம். கையை நனைத்துக்கொண்டு, காய்ந்த கையுறையால் தொடாமல் (மேலே இருக்கிற வழவழப்பு போனால் தோலில் பூஞ்சை பிடிக்கும்) ஒரு கை வாலடியில், மறு கை நெஞ்சுக்கடியில், ஒரே தூக்கு, ஒரே படம். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. அப்புறம் நீரோட்டத்தைப் பார்த்து முகம் இருக்கிறமாதிரி பிடித்துக்கொண்டால், வால் ஒரு வெட்டு வெட்டிக் கையைவிட்டுத் தானே போகும்.

கோடையில் டிரவுட்டுக்கு வெயில்தான் எமன். 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 20 டிகிரியில் அது 9 ஆகக் குறையும். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன், நீந்திப் போவதுபோலப் போய் எங்கோ அடியில் சாகும், நம் கண்ணுக்குத் தெரியாது. படகில் வெப்பமானி கட்டி வைத்திருக்கிறேன். 20 டிகிரியைத் தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன், முழு நாளுக்குப் பணம் கட்டியிருந்தாலும் சரி, மீதியைத் திருப்பித் தந்துவிடுவேன்.

ஆகவே ஜூலையில் வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்கே படகுத்துறையில் இருங்கள். குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.