ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டினால் போதுமா?

போன வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள். அப்பாவின் மஞ்சப்பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டுகள், கூடவே அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு வரச்சொல்லி வந்த கடிதம். நேர்காணலுக்கு இன்னும் 12 நாள்தான்.

"சும்மா ஒரு தடவ பாத்துடுங்க மேடம், எல்லாம் கரெக்டாதான் போட்டிருக்கோம்" என்றாள் மகள்.

பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் சென்னை விமான நிலைய முத்திரைகள். போனது, வந்தது, போனது, வந்தது. திருச்சியில் ஐந்தரை மாதம், நியூ ஜெர்சி எடிசனில் மகள் வீட்டில் ஒரு மாதம், மறுபடி திருச்சி. ஐந்து வருடமும் இதே கதைதான்.

"ஆறு மாசத்த தாண்டினதே இல்லம்மா, ஒரு தடவகூட" என்றார் பெரியவர். குரலில் அவ்வளவு பெருமை.

நியூ ஜெர்சியில் குடிவரவு வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர் நான். இதே வாக்கியத்தை இந்த வருடத்தில் ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன். வரவேற்பறையில் எழுதி மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் கணக்கு. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆனபின் என்-400 என்கிற குடியுரிமை விண்ணப்பம் போடுகிறவர், அந்த ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மாதம், அதாவது 913 நாள், அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். பெரியவர் ஒன்பது முறை வந்தார், ஒவ்வொரு முறையும் 30 நாள் தங்கினார். பெருக்கினால் 270. மீதிச் சில்லறை நாட்களை எல்லாம் அள்ளிப்போட்டும் 350-ஐத் தொடவில்லை. தேவை 913. புறப்பட்ட நாளும் வந்திறங்கிய நாளும் இங்கே இருந்த நாளாகவே கணக்கில் சேரும் என்பதால் ஓரத்தில் நிற்பவர்கள் சிலர் தப்பிப்பார்கள். இவர் ஓரத்தில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

அப்படியானால் அந்த 'ஆறு மாதம்' எங்கிருந்து வந்தது? அது சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அது வேறு கணக்கு. தொடர்ந்து இங்கே வசித்தீர்களா என்று பார்க்கும்போது, ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் வசிப்பு அறுந்துவிட்டதாக அதிகாரி எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வீடு, வேலை, வரி, குடும்பம் எல்லாம் இங்கேயே இருந்தது என்று காகிதம் காட்ட வேண்டும். ஒரு வருடத்தை எட்டினால் நிரூபிக்கவும் வழியில்லை, அறுந்ததுதான். திரும்பி வந்து குறைந்தது 4 வருடம் 1 நாள் காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் நாலரை வருடம் பொறுங்கள் என்பேன். நாலு வருடத்தில் போட்டால் பழைய பயணத்தின் வால் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வருடக் கணக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, ஆறு மாதம் என்பது அதைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள் என்கிற கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலே பரிசு என்று எங்கேயும் எழுதவில்லை. வகுப்புக்கு வந்து 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக ஓடும் பையனுக்கு வருகைப் பதிவேடு நிறையும், பாடம் ஏறாது. இதில் இன்னும் மோசம், இங்கே பதிவேடும் நிறையவில்லை.

மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் பேசுவதே இல்லை. கிரீன் கார்டே நிரந்தரமாக இங்கே வாழப்போகிறவருக்குக் கொடுப்பது. வீடு திருச்சியில், தோட்டம் திருச்சியில், பார்க்கும் டாக்டர் திருச்சியில் என்று இருந்து, இங்கே வருவது பேரனைப் பார்க்க மட்டும்தான் என்றால், ஒரு பயணம்கூட ஆறு மாதத்தைத் தாண்டாவிட்டாலும் வசிப்பைக் கைவிட்டார் என்று அரசு வாதாட முடியும். அந்த நிலையில் என்-400 போடுவது, நாமே நம் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் 'ஒரு தடவை நல்லாப் பாருங்க' என்று நீட்டுவது. கடந்த ஐந்து வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தையும் அந்தப் படிவத்தில் நாமே எழுதித் தருகிறோம். எழுதாமல் மறைத்தால்? விமான நிறுவனங்கள் அனுப்பும் பயணிகள் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. முத்திரை குத்தாவிட்டால் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

'மறுநுழைவு அனுமதி வாங்கிட்டோமே மேடம், ரெண்டு வருஷம் செல்லுமே' என்று அடுத்து ஒரு குரல் வரும். அது நீண்ட பயணத்தில் கிரீன் கார்டுக்கு ஓரளவு காவல். குடியுரிமைக் கணக்கில் ஒரு நாளைக்கூட அது சேர்த்துத் தராது.

இன்னொன்று, பெற்றோர்களுக்காகவே சொல்கிறேன். விமான நிலையத்தில் அதிகாரி ஐ-407 என்ற தாளை நீட்டினால், அது கிரீன் கார்டை நீங்களே ஒப்படைப்பதாகச் சொல்லும் தாள். களைப்பில், பயத்தில், வரிசையில் நின்று கால் கடுக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போட வேண்டிய கட்டாயம் இல்லை. நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெரியவருக்கு வருகிறேன். இந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். வழக்கறிஞர் இல்லை, 'ஃபார்ம் ஃபில் பண்றவர்'. ஆன்லைனில் கட்டணம் 710 டாலர், அவருக்குத் தனியாக 300. 913 என்ற எண்ணை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் "எல்லாக் கேள்விக்கும் நோ போட்டுடுங்க" என்பதுதான்.

அந்த 'எல்லாத்துக்கும் நோ' பற்றியும் சொல்ல வேண்டும். படிவத்தில், கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராகவோ எந்த வகையிலாவது தொடர்புள்ளவராகவோ இருந்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இங்கே பிறந்தவர்களுக்கு அது பனிப்போர்க் காலத்துப் பழங்கதை. நம் ஊர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்கும் பஸ் கண்டக்டருக்கும் அப்படியில்லை. சங்கத்தில் சந்தா கட்டியிருப்பார், சிலர் கட்சி அட்டையே வைத்திருந்திருப்பார்கள். சங்கத்தில் இருந்ததும் கட்சியில் இருந்ததும் ஒன்றில்லை, விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருடத்துக்குள்ளா அதற்கு முன்பா என்பதும் முக்கியம், வேலைக்காகச் சேர வேண்டியிருந்ததா என்பதும் முக்கியம். இதே கேள்வி கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் இருந்ததே, அங்கே என்ன சொன்னீர்கள்? பொய் சொல்லாமல் பதில் சொல்ல வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு 'நோ' போட்டால் அந்த வழியும் அடைபடும்.

வாக்காளர் பதிவு இன்னும் பயங்கரம். 1993-இல் வந்த சட்டப்படி, டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்யலாம். கவுன்ட்டரில் இருப்பவர் வேகமாக ஏதோ கேட்பார், நம் அம்மா 'எஸ் எஸ்' என்பார், ஒரு கட்டத்தில் டிக், கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு மேலே 'நான் அமெரிக்கக் குடிமகள்' என்று அச்சடித்திருக்கும். தன்னைக் குடிமகள் என்று பொய்யாகச் சொல்வது 1996 சட்டத்துக்குப் பிறகு நாடு கடத்தும் அளவுக்குப் பெரிய குற்றச்சாட்டு. 'தெரியாம நடந்துபோச்சு' என்பது சில நேரம் எடுபடும், சில நேரம் எடுபடாது. ஓட்டுப் போட்டிருந்தால் இன்னும் சிக்கல். வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டாதீர்கள் தாயே, எனக்குப் போன் பண்ணுங்கள். உண்மையிலேயே ஒரு வீட்டில் ஒட்டியிருந்தார்கள்.

வயதானால் ஆங்கிலம் வேண்டாம் என்பது அடுத்த வதந்தி. வயது மட்டும் போதாது. 50 வயதும் கிரீன் கார்டில் 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு, குடிமைக் கேள்விகளை (அமெரிக்க வரலாறு, அரசு பற்றியவை) தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்குப் படிக்க வேண்டிய கேள்விகளே 20தான். 72 வயதில் வந்து ஐந்து வருடம் ஆனவருக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவரும் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குக் குடிமைத் தேர்வும் மாறிவிட்டது. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். பத்துக்கு ஆறு என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வது அவர் காலத்துக் கணக்கு.

நேர்காணலில் தலையை ஆட்டாதீர்கள். நம் தலையாட்டல் பக்கவாட்டில் போகும், நமக்கு அது 'ஆமாம்', அதிகாரிக்கு அது 'இல்லை'. பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததுண்டா என்ற கேள்விக்கு ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே 'எஸ்' என்றதும் நடந்திருக்கிறது. புரியவில்லை என்றால் 'ப்ளீஸ் ரிப்பீட்' என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

பெயர் விஷயம் ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, கிரீன் கார்டில் முதல் பெயர் 'எஃப்.என்.யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிப் பல வருடம் 'மிஸ்டர் ஃப்னு' ஆக வாழ்ந்தவர்கள் நம்மில் ஏராளம். என்-400-இலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். ஆனால் அப்போது உறுதிமொழி நிகழ்ச்சி நீதிமன்றத்தில்தான் நடக்கும், சில இடங்களில் கூடுதலாகக் காத்திருக்க நேரும்.

உறுதிமொழி எடுத்த அன்றே ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்களை என்ன சொல்ல! கிரீன் கார்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமையும் தானாக முடிந்துவிடுகிறது. அதன்பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். 'அவசரத்துக்குத்தானே' என்பது செல்லாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்து, பிறகுதான் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஊரில் ஓட்டுப் போட முடியாது, புதிதாக நஞ்சையோ புஞ்சையோ வாங்க முடியாது. இலங்கைத் தமிழர்களுக்குப் பாதை வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமை உண்டு, ஆனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அன்று பெரியவரிடம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொன்னேன். மகளுக்குக் கோபம். அம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியாக அவரிடமே நேராகக் கேட்டேன்: "ஐயா, உங்களுக்கு இங்கே இருக்க ஆசையா?"

மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தென்ன இருக்கும்மா. நாப்பத்தி மூணு மரம். ஆள் வச்சா தண்ணி விட மாட்டான்."

அப்படியானால் கிரீன் கார்டைத் தானாகவே ஒப்படைத்துவிட்டு, விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்துப் பேரனைப் பார்க்க வந்து போகலாம் என்றேன். விசா கட்டாயம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நேர்மையாகத் திரும்பிப் போகிறவருக்கு ஏற்ற வழி அதுதான். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். நேற்று அவரே போன் செய்தார். ஒப்படைக்க முடிவு செய்துவிட்டார்.

"விசிட்டர்ல வந்தா எவ்ளோ நாள் தங்கலாம்மா?"

"பெரும்பாலும் ஆறு மாசம் குடுப்பாங்க ஐயா."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "ஆறு மாசமெல்லாம் யாரு இருப்பா, ஒரு மாசம் போதும்."