செப்சிஸ்: ஒரு ஐசியுவின் அனுபவம் மட்டும் போதாது

சில வருடங்களுக்கு முன், இரவு இரண்டு மணிக்கு, ஐசியு வாசலில் ஒரு மகனிடம் ஐந்து பக்கப் படிவம் ஒன்றை நீட்டினேன். உள்ளே அவருடைய அப்பா. சிறுநீர்ப் பாதையில் தொற்று, இரண்டு நாள் காய்ச்சல், அன்று மாலையிலிருந்து பேச்சில் தடுமாற்றம். வந்து சேர்ந்தபோது மேல் பிபி 78தான் இருந்தது. ஆன்டிபயாடிக் போட்டாகிவிட்டது. சலைன் ஓடிக்கொண்டிருந்தது. பிபியைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் தொடங்கியிருந்தோம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் படிவத்தோடு வெளியே வந்தேன். பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு அது. முதல் கட்ட சலைன் போன பிறகு, மேற்கொண்டு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் அதன் கேள்வி.

அவர் முதல் பக்கத்தையே முழுதாகப் படிக்கவில்லை. "எங்க அப்பாவை வச்சு சோதனை பண்ணப் போறீங்களா, சார்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. அன்று ஐந்து நிமிடத்தில் என்னால் முடிந்ததைச் சொன்னேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

செப்சிஸ் என்றதும் "ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். அது பாதி உண்மை. செப்சிஸ் நோயாளிகளில் நிறையப் பேருக்கு பிளட் கல்ச்சர் எடுத்துப் பார்த்தால் எந்தக் கிருமியும் வளராது. தொற்று நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ வயிற்றிலோ இருக்கும். அதை எதிர்த்துக் கிளம்பிய நம் உடலின் தற்காப்பு, கட்டுப்பாடு இழந்து, சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கும். 2016இல் சர்வதேச நிபுணர் குழு வெளியிட்ட வரையறையும் இதைத்தான் சொல்கிறது: தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நிலைகுலைந்து, உயிருக்கு ஆபத்தான அளவில் உறுப்புகள் செயலிழப்பது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கசியும், நீர் வெளியேறும், பிபி விழும். நுண்குழாய்களில் சின்னச் சின்னதாக ரத்தம் உறையும். சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கும், நுரையீரல் திணறும், மூளை குழம்பும்.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இதே அறிகுறிகளைத்தான். தொற்று இருக்கும் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால், வேகமாக மூச்சு வாங்கினால், நாள் முழுக்கச் சிறுநீரே போகாவிட்டால், கைகால் ஜில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லையே என்று ஏமாறவும் வேண்டாம். வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் சூடே ஏறாமல், சில நேரம் வழக்கத்தைவிடக் குறைந்தும் வரும். அவசரப் பிரிவுக்குப் போனதும் "இது செப்சிஸா இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். உண்மையாகவே அந்த ஒரு கேள்வி எங்களை உஷார்ப்படுத்தும். சிகிச்சை தொடங்கிய நேரத்தைப் பொறுத்துப் பிழைப்பவர்களின் எண்ணிக்கை மாறும் நோய் இது. அதிர்ச்சி நிலையில், அதாவது பிபி விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில் வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போய்விட வேண்டும் என்பது இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான கணக்கு சொல்கிறது. உலகில் இறக்கும் ஐந்து பேரில் ஒருவரின் சாவில் செப்சிஸுக்குப் பங்கு இருக்கிறது. அவ்வளவு பெரிய நோய்க்கு, உடலின் அந்தக் கட்டுப்பாடற்ற எதிர்வினையைத் திருப்பிச் சரிசெய்யும் தனி மருந்து எதுவும் இன்றுவரை நம் கையில் இல்லை. கிருமியைக் கொல்கிறோம், சீழ் இருந்தால் வடிக்கிறோம், உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கிறோம். அவ்வளவுதான்.

ஏன் இல்லை? செப்சிஸ் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். பிரசவம் முடிந்த இளம் தாய், கீமோதெரபி எடுப்பவர், குடலில் ஓட்டை விழுந்த பெரியவர், நிமோனியா வந்த குழந்தை. ஒருவருக்கு உதவிய சிகிச்சை இன்னொருவருக்குத் தீங்கு செய்யலாம். அது என் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் ஐசியுவில் செப்சிஸோடு வரும் நூறு பேரில் 30 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் எதையுமே மாற்றாவிட்டாலும் ஒரு நூறில் 25 பேர், அடுத்த நூறில் 35 பேர் என்று அந்த எண் தானாகவே ஆடும். இப்போது புதிய சிகிச்சை ஒன்று இறப்பை 30இலிருந்து 27ஆகக் குறைக்கிறது. நூற்றுக்கு மூன்று உயிர், சின்ன விஷயமா? ஆனால் அந்த ஆட்டத்துக்குள் இந்த மூன்று உயிரும் மறைந்துபோகும். உறுதியாகக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட ஏழாயிரம் நோயாளிகள் வேண்டும். ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் அத்தனை பேரை ஒரே மாதிரி அளந்து, ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த திரவம் நல்லதா, சாதாரண சலைன் நல்லதா என்ற பழைய கேள்விக்கு 2004இல் பதில் வந்ததே ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 16 ஐசியுக்கள் சேர்ந்து ஏழாயிரம் பேரைக் கவனித்ததால்தான்.

"என் அனுபவத்தில் இது வேலை செய்கிறது" என்று நானும் சொல்லியிருக்கிறேன். 2017இல் ஒரு மருத்துவமனை, வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1), ஸ்டீராய்டு மூன்றும் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் 8.5 சதவீதம்தான் இறந்தார்கள், அதற்கு முன்பு பார்த்த 47 பேரில் 40.4 சதவீதம் இறந்திருந்தார்கள் என்று வெளியிட்டது. உலகமே பரபரத்தது. நானும் கொடுத்தேன், பிழைத்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பல நாட்டு ஐசியுக்கள் முறையாகச் சோதித்தன. 2022இல் வந்த 870 பேர் அளவிலான ஆய்வில், வைட்டமின் சி மட்டும் பெற்றவர்களில் 44.5 சதவீதத்தினர் 28ஆம் நாளில் இறந்திருந்தார்கள் அல்லது உறுப்புச் செயலிழப்போடு இருந்தார்கள். மருந்தில்லாத திரவம் பெற்றவர்களில் அது 38.5. "விட்டமின்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்" என்று நினைத்திருந்த எனக்கு அந்த எண்களை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

அதைவிட ஆழமாக என்னைப் பாதித்தது 2011இல் வந்த ஓர் ஆய்வு. உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளிலும் கடும் தொற்றோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகள். அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்று என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பாடம். யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 48 மணி நேரத்தில் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல், மெதுவான பராமரிப்புத் திரவம் மட்டும் கொடுத்தவர்களில் ஏழு பேர். பின்பு ஜாம்பியாவில் பெரியவர்களிடம் செய்து 2017இல் வெளியான சிறிய ஆய்விலும் அதே திசை: தாராளமாகத் திரவம் கொடுக்கும் முறையில் இறப்பு நூற்றுக்கு 48, வழக்கமான முறையில் 33. வென்டிலேட்டர் வசதி அரிதான இடங்கள் அவை. மலேரியா, ரத்தசோகை, எச்ஐவி, ஊட்டக்குறைவு எல்லாம் கூடவே இருந்தன. அதனால் இந்த முடிவை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது. பணக்கார நாட்டு ஐசியுவில் எழுதிய விதியையும் எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பதை இந்த ஆய்வுகள்தான் காட்டின. வசதி குறைந்த மருத்துவமனைகள் ஆய்வில் பங்கெடுக்காமல் இருந்திருந்தால் இது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று நான் சொல்லும்போது இதைத்தான் முதலில் நினைக்கிறேன்.

சேர்ந்து வேலை செய்வதிலும் ஒரு முறை உண்டு. 2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரே மருத்துவமனையில் 263 பேரிடம் செய்த ஆய்வு, முதல் ஆறு மணி நேரத்தில் குறிப்பிட்ட இலக்குகளை வைத்துத் தீவிரமாகச் சிகிச்சை செய்தால் இறப்பு 46.5இலிருந்து 30.5 சதவீதத்துக்குக் குறைகிறது என்றது. நாங்கள் எல்லோரும் அதைப் பின்பற்றினோம். கழுத்தில் குழாய், மணிக்கணக்கில் ஆக்சிஜன் அளவு, தேவைப்பட்டால் ரத்தம். பிறகு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து மூன்று இடங்களிலும் மூன்று குழுக்கள் இதையே மறுபடி சோதித்தன. தொடங்கும் முன்பே மூன்று குழுக்களும் பேசி, யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது என்பதையெல்லாம் ஒத்துப்போகுமாறு வைத்துக்கொண்டன. அதனால் 2014, 2015இல் முடிவுகள் வந்தபோது 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்தே பார்க்க முடிந்தது. அந்தக் கடுமையான முறையால் கூடுதல் பலன் இல்லை. அதற்காக 2001 ஆய்வு வீண் என்று நான் நினைக்கவில்லை. சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் தொடங்கு என்ற பழக்கத்தை உலகெங்கும் ஏற்படுத்தியது அதுதான். அது வழக்கமாகிவிட்ட பிறகு மற்ற சடங்குகள் தேவைப்படவில்லை.

கோவிட் காலத்தில் இந்த வழி எவ்வளவு வேகமாகப் பலன் தரும் என்று பார்த்தோம். பிரிட்டனில் 2020 மார்ச்சில் தொடங்கிய ரெகவரி ஆய்வு, ஜூன் மாதமே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று சொன்னது. விலை மலிவான, பழைய மருந்து. ஆயிரக்கணக்கான நோயாளிகளும் குடும்பங்களும் சம்மதித்ததால் வந்த பதில்.

விலை பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் வெளியான ஆய்வில், லத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 ஐசியுக்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டன. ரத்தத்தில் லேக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் பொருள்) அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிகிச்சையை மாற்றுவதா, அல்லது விரல் நுனியை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து மாற்றுவதா? விரலை அழுத்திப் பார்த்த பக்கத்தில் இறப்பு 34.9 சதவீதம், மற்றதில் 43.4. மொத்தம் 424 பேர்தான் என்பதால் அந்த வித்தியாசத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனைக்கு மரியாதை வந்தது. 2021 வழிகாட்டுதலிலும் அது இடம்பிடித்தது. நான் இன்றும் ரவுண்ட்ஸில் முதலில் நோயாளியின் விரலைத்தான் பிடிக்கிறேன்.

சரி, அந்த மகனின் கேள்விக்கு வருகிறேன். படிவம் நீட்டப்பட்டால் அதற்கு அர்த்தம் என்ன? இரண்டு வழியும் இன்று நடைமுறையில் இருக்கின்றன, எது மேல் என்று எங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். நீங்கள் மறுத்தால் மருத்துவர் தன் பழக்கப்படி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சம்மதித்தால் கம்ப்யூட்டர், சீட்டுக் குலுக்குவதுபோல, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஆன்டிபயாடிக், வென்டிலேட்டர், மற்றக் கவனிப்பு எதுவும் குறையாது. நெறிமுறைக் குழு முன்பே பார்த்து அனுமதி கொடுத்திருக்கும். ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கண்காணிப்புக் குழு இடையிடையே எண்களைப் பார்க்கும், ஒரு பக்கம் தீங்கு தெரிந்தால் நிறுத்தச் சொல்லும். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகலாம். புது மருந்து என்றால் கதை வேறு. அதில் தெரியாத ஆபத்து கூடுதல். யார் பணம் கொடுக்கிறார்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் மருத்துவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. "அம்மாவைக் கேக்காம முடியாது, சார்" என்றார். படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவருடைய அப்பாவுக்கு அடுத்து ஆக வேண்டியதைப் பார்த்தேன். காலைக்குள் பிபி நிலைத்தது. சலைன் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என இரண்டு பெரிய ஆய்வுகள் 2022, 2023இல் பதில் சொல்லின. அதிகம் கொடுத்ததற்கும் குறைத்துக் கொடுத்ததற்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை.

சம்மதித்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த ஆய்வுகள் பலவற்றில் 90ஆம் நாள் ஒரு ஃபோன் வரும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனதும் அந்த நம்பரைப் பார்த்து எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் செப்சிஸின் மிச்சம் வெளியே தெரியும். தசை இளைத்துப் படியேற முடியாமல் போகிறது, பெயர்கள் மறக்கின்றன, இரவில் ஐசியு கனவு வந்து விழிக்கிறார்கள், மறுபடி தொற்று வந்து சேர்கிறார்கள். பிழைத்தார் என்று நாங்கள் கணக்கில் எழுதும் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அந்த ஃபோனில்தான் எங்களுக்குத் தெரிகிறது. எடுத்துப் பேசுங்கள். தனியாகக் குளிக்க முடிகிறதா, வேலைக்குப் போகிறாரா என்றெல்லாம் கேட்பார்கள். பத்து நிமிடம் ஆகும். நோயாளி இறந்துபோயிருந்தாலும், முடிந்தால், அதைச் சொல்லுங்கள்.