உங்கள் ஏரி 'அதிக அபாய' வகை என்று கடிதம் வந்தால்

அமெரிக்காவில் பண்ணை நிலத்தோடு சேர்த்து ஒரு ஏரியையும் வாங்கியவர்களுக்கு, மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இப்படி ஒரு கடிதம் வருவது உண்டு. தண்ணீரைத் தேக்கும் ஏரிக்கரையும் அணைதான். கரை நன்றாகத்தானே இருக்கிறது என்று கோபம் வரும். நன்றாகவே இருக்கலாம். அந்த வகைப்பாடு கரையைப் பார்த்துக் கொடுப்பதல்ல; கரை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்று பார்த்துக் கொடுப்பது.

ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் 'அதிகம்'. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாலையோ குடிநீர்க் குழாயோ அடுத்தவர் சொத்தோ அடிபடும் என்றால் 'கணிசம்'. சேதம் பெரும்பாலும் உரிமையாளர் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் 'குறைவு'. கரையின் நிலைமைக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வில்லங்கம் எங்கே என்றால், நீங்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமலே வகை மாறிவிடும். ஓடையோரம் யாரோ வீடு கட்டினால் போதும், 'குறைவு' என்றிருந்தது 'அதிகம்' ஆகலாம். அப்புறம் அடிக்கடி ஆய்வு, அவசரகாலத் திட்டம், சில சமயம் கலிங்கை, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வழியைப் பெரிதாக்கும் செலவு. அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பவர் நீங்கள்தானே.

பழைய வகையை நம்பி இருப்பதும் ஆபத்து. ஹவாயின் கவாய் தீவில் தனியாருக்குச் சொந்தமான கா லோகோ மண் அணை, 'குறைவு' என்று பதிவாகியிருந்த நிலையிலேயே 2006 மார்ச்சில் உடைந்தது. 7 பேர் இறந்தார்கள்.

சின்ன ஏரிக்கும் இதெல்லாம் உண்டா? 6 அடிக்கு மேல் உயரமும் 50 ஏக்கர்-அடி கொள்ளளவும் இருந்தாலே தேசிய அணைப் பட்டியலில் இடம் உண்டு. 25 அடி உயரம் என்றால் 15 ஏக்கர்-அடியைத் தாண்டினாலே போதும். ஒரு ஏக்கர்-அடி சுமார் 12.3 லட்சம் லிட்டர். 'அதிகம்', 'கணிசம்' வகைகளுக்கு இந்த அளவுக் கணக்கே கிடையாது, எவ்வளவு சின்னதானாலும் பட்டியலில் சேரும். அனுமதி, ஆய்வு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கரையில் நீங்களே பார்க்க வேண்டியவை சில. வெளிச்சரிவின் அடியில் கசிவு தெளிவாக வந்தால் குறித்து வைத்துக் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம்; அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். பெரிய மரங்களை நீங்களாகப் பிடுங்க வேண்டாம், வேர் விட்ட பள்ளம் இன்னும் மோசம். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டும் பழக்கமும் கூடாது. 1889இல் ஜான்ஸ்டவுன் நகரை அழித்து 2,209 பேரைக் கொன்ற வெள்ளம், ஒரு தனியார் மன்றத்தின் மண் அணை உடைந்து வந்தது. அதன் கலிங்கிலும் மீன்வலைத் தடுப்பில் குப்பை அடைத்திருந்தது.

நிலத்தை விற்றால் அணைப் பொறுப்பும் வாங்குபவருக்குப் போகும். அதனால் ஏரியோடு நிலம் பார்க்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த அணையின் வகையையும் கடைசி ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.