கிளியரன்ஸ்: அனுமதி அன்று, தெளிவு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்தான். அரசுத் துறை ஒன்றில் வேலை கைகூடும் நேரம். கையில் இசட் 204 படிவம்; ரகசியக் கோப்புகளை நம்பி ஒப்படைக்கலாமா என்று அரசு ஆளை ஆராய்ந்து தரும் 'கிளியரன்ஸ்' கேட்கும் விண்ணப்பம். "டீச்சர், கிளியரன்ஸுக்கு எழுதணும். நடுவுல வேலை போனதால கார் தவணை நாலு மாசம் நின்னுபோச்சு. அதை எழுதாம விட்டுடலாமா?"

விடாதே என்றேன். காரணம் கிளியரன்ஸ் என்ற சொல்லிலேயே இருக்கிறது.

கிளியர் என்பதன் வேர் இலத்தீனின் 'கிளாருஸ்'. ஒளியுள்ளது, தெளிந்தது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுங்கக் கணக்குத் தீர்த்த கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படப் பெறும் சீட்டும் கிளியரன்ஸ்தான். 'கடனைக் கிளியர் பண்ணியாச்சு' என்று நாம் சொல்வதும் இதே பொருளில்தான்.

தென்னாப்பிரிக்காவில் இதனோடு ஒட்டியே வரும் மற்றொரு சொல் வெட்டிங்; கிளியரன்ஸ் தருமுன் ஆளின் பின்னணியைத் துருவிப் பார்ப்பது. இது கால்நடை மருத்துவரைக் குறிக்கும் 'வெட்' என்பதிலிருந்து பிறந்தது. குதிரைக்கு நோய்நொடி உண்டா என்று பார்ப்பதைக் குறித்த வினை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதரையும் செய்தியையும் துருவிப் பார்ப்பதற்கும் ஆகிவந்தது.

செய்தித்தாள்கள் கிளியரன்ஸைப் 'பாதுகாப்பு அனுமதி' என்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. அனுமதி என்றால் உள்ளே விடுவது. கிளியரன்ஸ் பெற்றவரும் தம் வேலைக்குத் தேவையான கோப்பை மட்டுமே பார்க்க முடியும். இவரை நம்பலாமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் கிளியரன்ஸ்.

இதற்கான சொற்களைத் திருக்குறள் என்றோ தந்துவிட்டது. 51ஆம் அதிகாரத்தின் பெயரே தெரிந்து தெளிதல். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்பது அதன் கடைசிக் குறள். தேர்தல் என்பது ஆராய்வது, அதாவது வெட்டிங். தெளிதல் என்பது ஆராய்ந்தபின் நம்புவது, அதாவது கிளியரன்ஸ். வெட்டிங் இல்லாத கிளியரன்ஸ்தான் 'தேரான் தெளிவு'! கிளாருஸைப் போலவே தெளிவும் கலங்கல் நீங்குவதைக் குறிக்கிறது. நம்பிக்கை என்ற பொருளும் அதற்கு உண்டு. தேர்தல் இன்று வாக்குச்சாவடிக்குப் போய்விட்டதால் வெட்டிங்கைத் 'தேர்ந்தாய்வு' எனலாம். கிளியரன்ஸைப் 'பாதுகாப்புத் தெளிவு' எனலாம்.

இதில் கடன் எங்கே வருகிறது? அதே அதிகாரத்தின் முதற்குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கு வழிகளில் ஒருவரைச் சோதிக்கச் சொல்கிறது. அவற்றுள் பொருள் இரண்டாவது. இங்கே தென்னாப்பிரிக்காவில், உளவுப் பணிகள் பற்றிய 1994ஆம் ஆண்டின் 39ஆம் எண் சட்டம், தேர்ந்தாய்வுக்காக ஒருவரின் குற்றப் பதிவுகளோடு நிதிப் பதிவுகளையும் பார்க்க இடம் தருகிறது. 1996இல் அமைச்சரவை ஏற்ற தகவல் பாதுகாப்பு நெறிகள், ஒருவர் லஞ்சத்துக்கும் மிரட்டலுக்கும் வளைவாரா என்று பார்க்கச் சொல்கின்றன. கடன் கழுத்தை நெரித்தால் ஆளை விலைக்கு வாங்கலாம் என்பதே அச்சம். மறைத்த கடன் அதைவிட மோசம்; அதை அறிந்த எவரும் அதைக் காட்டியே மிரட்டலாம்.

அமெரிக்காவில் கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 முதல் நடப்பிலுள்ள 13 அளவுகோல்களில் ஐந்தாவது நடத்தை, ஆறாவது பணநிலை. வேலையிழப்பு, மருத்துவச் செலவு, மணமுறிவு போன்ற கைமீறிய காரணத்தால் வந்த கடனாக இருந்து, அடைக்க உண்மையாக முயன்றிருந்தால், அது விண்ணப்பதாரருக்கு ஆதரவாகக் கணக்கில் கொள்ளப்படும். வேண்டுமென்றே படிவத்தில் மறைப்பதோ நடத்தையின் கீழ் வந்துவிடும். பணக்கேள்வி நம்பிக்கைக் கேள்வியாக மாறும் இடம் அதுதான். கடனுக்குக் காரணம் காட்டலாம். பொய்க்கு எதைக் காட்டுவது?

மாணவன் அங்கேயே உட்கார்ந்து நான்கு மாதத்தையும் எழுதினான். வேலை போன கடிதத்தின் நகலையும் வங்கியோடு பேசி முடித்த புதிய தவணை ஒப்பந்தத்தையும் உடன் வைக்கச் சொன்னேன்.