வயிற்றில் அடி: "பை வைக்காம முடிச்சிடுங்க, டாக்டர்"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த அம்மா கைகூப்பிக் கேட்டது இதைத்தான். கணவர் பைக்கில் சறுக்கி விழுந்ததில் ஹேண்டில்பார் முனை அடிவயிற்றில் குத்தியிருந்தது. வெளியே சிறு சிராய்ப்புதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சலோடு, பலகையாக இறுகிய வயிற்றோடு வந்தார். திறந்து பார்த்தால் பெருங்குடல் கிழிந்து, வயிறெங்கும் மலம்.

பை வைத்தோம்: குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பையை மாட்டினோம். வேறு வழி இருக்கவில்லை.

பெருங்குடலில் கிருமிகள் மிக அதிகம். கிழிந்த இடத்தில் போட்ட தையல் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், பெருங்குடலில் காயம்பட்ட எல்லோருக்கும் குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் உத்தரவே போட்டது. அந்த வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. 1979-ல் ஸ்டோன், ஃபேபியன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. தகுந்த நோயாளிகளுக்கு நேரடியாகத் தைத்து மூடினாலே போதும், சிக்கல்களும் குறைவு என்று காட்டியது. காயம்பட்டு 8 மணி நேரத்துக்குள் தியேட்டருக்கு வந்தவர்களை மட்டுமே அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

இன்று குடலின் சுற்றளவில் பாதிக்கும் குறைவான கிழிசல் என்றால், பெரும்பாலும் ஓரத்தைச் சீர்செய்து தைத்துவிடுகிறோம். நைந்துபோயிருந்தாலோ ரத்த ஓட்டம் அறுந்திருந்தாலோ அந்தத் துண்டை வெட்டியெடுத்து இணைக்கிறோம். ரத்த அழுத்தம் விழுந்து, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு நேரம் எடுக்க முடியாது. ரத்தக்கசிவையும் மலக்கசிவையும் நிறுத்திவிட்டு ஐசியூவுக்கு அனுப்பி, ஓரிரு நாளில் மறுபடி திறப்போம். குடல் வீங்கி, சீழ் பிடித்திருந்தால்தான் பெரும்பாலும் பை.

முதல் நாள் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நான் உடனே அனுப்பிவிடுவதில்லை. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சவ்வு கிழிந்திருந்தால், சில நாள் கழித்துக்கூடக் குடல் அழுகி ஓட்டையாகலாம். அதனால்தான் மணிக்கொரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். சலித்துக்கொள்ளாதீர்கள். சீட் பெல்ட் பதிந்த கன்றல், கூடிக்கொண்டே போகும் வலி, வாந்தி, உப்புசம், படபடப்பு: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். குடிக்க எதுவும் தராதீர்கள், சோடா உட்பட. மாடு குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். குத்திய கம்பியோ கத்தியோ உள்ளே இருந்தால் பிடுங்காதீர்கள்.

அவருக்கு மூன்று மாதம் கழித்துக் குடலை இணைத்துப் பையை எடுத்தோம். அதுவரை தினமும் அதைக் கழுவி மாட்டிவிட்டது அன்று கைகூப்பி நின்ற அந்த அம்மாதான்.